மச்சானோட இடது முட்டு

உக்காருங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க. அந்தப் பெஞ்சு வேண்டாம், அது ஆடும். ஒரு காலக் கெடுத்துக்கிட்டுத்தான் இங்க வந்திருக்கோம், மிச்சக் காலயும் அது வாங்கிரும். உங்களுக்கு என்ன, கணுக்காலா? ஷட்டில் ஆடயிலயா? நல்லாத்தான் வீங்கியிருக்கு. எனக்கு முட்டு. இடது முட்டு. வாலிபால்.

உள்ள டாக்டரம்மா ஒரு கபடிக்காரர் தோளப் பிடிச்சிப் பாத்துக்கிட்டிருக்காவ. சத்தம் கேக்கு பாத்தியளா? அது தோள் சத்தம் இல்ல, அவர் சத்தம். இப்போதைக்கு முடியாது. அதுவரைக்கும் எனக்கு நடந்த அநியாயத்தச் சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் வைத்தியத்த ஒருத்தன் திருடிட்டான் அண்ணாச்சி. சிரிக்காதிய. செருப்பத் திருடுவான், செல்போனத் திருடுவான், வைத்தியத்தத் திருடுனவன எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியளா? என் மச்சான் திருடுனான். எங்க வீட்டுக்காரி பிரம்மசக்தி கூடப் பொறந்த அண்ணன். பேரு சங்கிலிபூதத்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுதான். என் வயசுதான், அதனால வா போன்னுதான் பேசிக்கிடுவோம். ஆளு பாக்க சாது. சாதுவா இருக்கவன மட்டும் நம்பப்பிடாது, பாத்துக்கிடுங்க.

முதல்ல அந்த மேட்ச்சப் பத்திச் சொல்லணும், இல்லன்னா உங்களுக்கு வெளங்காது. என் மாமனார் ஊரு செவலூர்ல ஒரு வழக்கம். பொங்கலுக்கு மறுநா கரிநாள் அன்னைக்கு வாலிபால் மேட்ச். அந்தத் தெருவுல பொறந்த ஆம்பளையெல்லாம் ஒரு டீமு, அந்தத் தெருவுல பொண்ணு கட்டுனவன் எல்லாம் ஒரு டீமு. மச்சான் டீம், மாப்பிள்ளை டீம். மதியம் கறிச்சோறு. தோத்தவன் இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு ஜெயிச்சவனுக்கு இலை போட்டுப் பரிமாறணும். மச்சான்மாரு தோத்தா ஒண்ணுமில்ல, அவன் வீட்டு விசேஷம், அவன் பரிமாறத்தானே செய்வான். மாப்பிள்ளை தோத்தா? யோசிச்சுப் பாருங்க. மாமனார் பாக்க, மாமியார் பாக்க, கொழுந்தியாமாரு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்க, வாளியத் தூக்கிட்டு 'ரசமா, மோரா'ன்னு கேட்டுக்கிட்டு நிக்கணும். அதுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே காப்பியக் குடிச்சிட்டு ஓடிப் போயிருக்கலாம்.

ஆனா நான் அந்த வீட்டு மாப்பிள்ளை ஆன நாள்லருந்து எங்க டீம் தோத்ததே இல்ல. காரணம் என் ஆட்டம். கொஞ்சம் மச்சான் முட்டும் காரணம்னு வச்சிக்கிடுங்க. அவனுக்கும் இடது முட்டுதான் போச்சி. நான் அங்க ஆடுன முத மேட்ச்சுலயே போச்சி. வலைகிட்ட ரெண்டு பேரும் சேந்து குதிச்சோம். அவன் எறங்கயில என் பாதம் வலைக்குக் கீழ அவன் பக்கம் கொஞ்சம் போயிருந்திச்சி. கொஞ்சந்தான். புது மாப்பிள்ளை, ஒரு வேகம் இருக்கத்தானே செய்யும். அவன் நேரா என் பாதத்து மேலயே எறங்கிட்டான். கீழ பாத்து எறங்கணுமா இல்லையா? எனக்கும்தான் சுண்டுவிரல் நகம் பேந்து போச்சி, அத இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் பேச மாட்டாவ.

அந்தக் காலத்துல அவனுக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டு, 'அசையவே கூடாது'ன்னு கட்டில்ல போட்டுட்டாவ. அவனும் அசையல. அசையக் கூடாதுன்னு சொன்னத அவன் முட்டும் கேட்டுக்கிடுச்சி, அதுக்கப்புறம் அது முழுசா மடங்கவே இல்ல. ஆச்சு, அப்பப் பொறக்காத என் மூத்த மவ இப்ப காலேஜ் போறா. அன்னையிலருந்து மச்சானால சம்மணம் போட முடியாது. விசேஷ வீட்ல எல்லாரும் தரையில பந்தியில உக்காந்தா, அவன் மட்டும் செவத்தோரமா நாற்காலியில உக்காந்து, தட்ட மடியில வச்சிச் சாப்பிடுவான். ஆனாலும் கரிநாள் மேட்ச்சுக்கு வந்து நிப்பான். பின் வரிசையில நிப்பான். நாங்க என்ன செய்வோம், பந்த மெதுவா அவனுக்கு முன்னால போட்டு விடுவோம். அவனுக்குக் குனிய வராதுல்லா. வண்டிய விட்டவன் பஸ்ஸ்டாண்டுல நிக்க மாதிரி பந்தப் பாத்துக்கிட்டு நிப்பான். எங்களுக்குப் பாயின்ட். பாவந்தான். ஆனா ஆட்டம்னா ஆட்டம்.

இப்ப என் முட்டுக்கு வாங்க. நான் டவுன்ல பெயிண்ட் கடை வச்சிருக்கேன். என் பேரு தளவாய். கடைக்காரங்க கொஞ்சப் பேரு சேந்து காலையில வாலிபால் ஆடுவோம். புரட்டாசியில ஒருநா, பந்து ஒண்ணு அருமையா எழும்பி வந்திச்சி. வா, வந்து அடின்னு என்னயக் கூப்புடுது. எழும்புனேன். எழும்புனது என்னமோ நான்தான், எறங்குனது வேற யாரோ மாதிரி எறங்கிட்டேன். முட்டுக்குள்ள 'டொக்'குன்னு ஒரு சத்தம்.

அதுக்குப் பெறகு நடந்ததுதான் கூத்து. ஒருத்தரு ஐஸ் வைங்காரு. ஒருத்தரு சுடுதண்ணி ஊத்துங்காரு. கறிக்கடை செல்லையா இருக்கானே, 'நான் காலால பொறந்தவன், தள்ளுங்கப்பா'ன்னு செருப்பக் கழட்டிட்டு வந்துட்டான். பொறக்கயில கால் முன்னால வந்தவன் மிதிச்சா சுளுக்கு ஓடிருமாம். மிதிச்சான். நான் போட்ட கூப்பாட்டுல பக்கத்து மரத்துக் காக்கா எல்லாம் எந்திரிச்சிப் போயிருச்சி. ஸ்கேன் எடுத்தா ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்குங்காவ. விழுந்ததுல எவ்வளவு கிழிஞ்சிது, செல்லையா மிதிச்சதுல எவ்வளவு கிழிஞ்சிதுன்னு கேட்டேன். அது ஸ்கேன்ல தெரியாதாம்.

ஆபரேஷன் வேண்டாம், பிசியோவுக்குப் போங்கன்னு இந்த ஜெபஷீலா டாக்டரம்மாகிட்ட அனுப்பி விட்டாவ. நான் என்ன நெனச்சி வந்தேன்? வைத்தியம்னா நாம படுத்துக்கிடுவோம், அவுக செய்வாவ. அதுதானே முறை? ஒரு பெரிய பெல்ட்டு, ரெண்டு ஊசி, நல்லா ரெஸ்ட்டு, வீட்ல ஆட்டுக்கால் சூப்பு. இவுக என்னடான்னா முட்டத் தொட்டுப் பாத்துட்டு, 'எந்திரிச்சி நில்லுங்க சார்'ங்காவ.

'வலிக்கும்மா.'

'கொஞ்சம் வலிச்சாப் பரவால்ல சார். ரொம்ப வலிச்சாச் சொல்லுங்க.'

'ரெஸ்ட்டு எடுக்க வேண்டாமாம்மா?'

'சும்மாவே படுத்துக் கெடந்தீங்கன்னா தொடைச் சதை வத்திரும். பெறகு முட்டத் தாங்க ஆள் இருக்காது. பைய பைய பாரம் குடுத்துப் பழக்குனாத்தான் கால் பழையபடி வரும். மருந்து உங்ககிட்டதான் இருக்கு சார்.'

'மருந்து என்கிட்ட இருக்குன்னா நீங்க எதுக்கும்மா?'ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவுக ஒரு மஞ்ச ரப்பர் பட்டையக் கைல குடுத்தாவ. இதக் கால்ல மாட்டி இழுக்கணும், செவத்துல முதுகச் சாச்சி முட்ட மடக்கணும், தினமும் செய்யணும். எல்லாரும் செஞ்சேன் செஞ்சேன்னு பொய் சொல்லிட்டு வாராவளாம். அதனால செய்யுறத வீடியோ எடுத்து தினமும் வாட்ஸாப்புல போடணுமாம். பாத்தியளா, மனுஷன் மேல ஒரு நம்பிக்கை வேண்டாமா?

தீபாவளி தொட்டுப் பொங்கல் வரைக்கும் பெயிண்ட் கடைக்காரனுக்கு மூச்சு விட நேரம் கெடையாது. ஊரே வீட்டுக்கு வெள்ளையடிக்குது. நான் கலர் மெஷின் முன்னால நிக்கவா, செவத்துல முதுகத் தேய்க்கவா? ரெண்டொரு நா செஞ்சி பாத்தேன். வலிச்சிது. விட்டுட்டேன்.

மச்சான் இருக்கானே, காலையில பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் அவனுக்கு வேலை இல்ல. என் கடையில சரக்கு வைக்குற கிட்டங்கியில உக்காந்து பேப்பர் படிப்பான். டாக்டரம்மாவுக்கு என்ன வீடியோ போடன்னு முழிச்சிக்கிட்டு நின்ன அன்னைக்கு அவனப் பாத்தேன். அவன் காலப் பாத்தேன். இடது முட்டு. மடங்காத முட்டு. அங்கதான் அண்ணாச்சி என் மூளை வேலை செஞ்சிது. நல்ல கால் உள்ளவன வச்சி வீடியோ எடுத்தா டாக்டரம்மா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாவ. இது அசலாவே கெட்ட கால். மடக்குனா நிசமாவே நடுங்கும். இப்பேர்ப்பட்ட கால் தேடுனாலும் கெடைக்குமா? நெறமும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். முடி மட்டும் அவனுக்குக் கொஞ்சம் கூட.

என் நீல டவுசரக் குடுத்துப் போடச் சொன்னேன். இடுப்புக்குக் கீழ மட்டும் எடுத்தேன். 'எனக்கு மடங்காதே மாப்ளே'ன்னான். 'மடங்க வேண்டாம்டே, மடக்கப் பாரு, அது போதும்'னேன். பல்லக் கடிச்சிக்கிட்டு மடக்குனான். அனுப்புனேன். டாக்டரம்மா கட்டை விரல் போட்டு, 'நல்ல முயற்சி சார், நாளைக்கு இன்னும் கொஞ்சம் கீழ எறங்குங்க'ன்னு எழுதுனாவ. எனக்குச் சந்தோசமாப் போச்சி.

அப்புறம் என்ன, தினமும் அதான். மஞ்சப் பட்டை போய்ச் செவப்புப் பட்டை வந்திச்சி, செவப்பு போய்ப் பச்சை வந்திச்சி. படி ஏறி எறங்கு, ஒத்தக் கால்ல நில்லு, பெட்டி மேலருந்து குதி, குதிச்சி எறங்கயில முட்டு உள்பக்கம் சாயாமப் பாத்துக்கோ. மச்சான் ஒருநா வரலங்கான், வேன் சர்வீஸ்ல கெடக்குன்னு. நான் விடுவனா? 'நீ வரலன்னா என் கால் என்னத்துக்கு ஆகும்?'னு சத்தம் போட்டு ஆட்டோ அனுப்பிக் கூட்டிட்டு வந்தேன். 'உங்கள மாதிரி ஒழுங்காச் செய்யிறவங்க ரொம்பக் கம்மி சார்'னு டாக்டரம்மா போட்டாவ. அத பிரம்மசக்திகிட்டக் காட்டுனேன். அவளுக்கே என் மேல ஒரு மரியாதை வந்திச்சி.

ஒருநா கிட்டங்கியில மேல் தட்டுல இருந்த பெயிண்ட் டப்பாவ மச்சான் ஏணியில ஏறி எடுத்துக் குடுத்தான். எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும். 'பரவால்லயே, ஒத்தாசையா இருக்கானே'ன்னு இருந்துட்டேன். என் கால் எப்படி இருந்திச்சின்னு கேக்கியளா? நல்லாத்தான் இருந்திச்சி. நடக்காம இருந்தா வலியே இல்ல.

பொங்கல் கிட்ட வந்திச்சி. கரிநாள் மேட்ச் ஆடலாமாம்மான்னு கேட்டுப் போட்டேன். 'நேர்ல வாங்க சார், ஒத்தக் கால்ல எம்பிக் குதிச்சிக் காட்டணும், ரெண்டு கால் பலத்தயும் சரிபாக்கணும்'னாவ. பொங்கல் கூட்டத்துல கடைய விட்டுட்டு எங்க போக? மச்சானக் குதிக்க வச்சி அனுப்புனேன். 'வீடியோல அருமையா இருக்கு சார். ஆனா நான் நேர்ல பாக்காம ஆடவே கூடாது'ன்னு பதில் வந்திச்சி. நான் 'அருமையா இருக்கு' வரைக்கும் படிச்சேன். அதுக்குள்ள ஒரு ஆளு டிஸ்டம்பர் கேட்டு வந்துட்டாரு.

கரிநாள். தெருவே கூடி நிக்கு. நான் முன் வரிசையில நிக்கேன். வழக்கம் போல எங்க ஆளு பந்த மெதுவா மச்சானுக்கு முன்னால போட்டான். பாயின்ட்டுன்னு நாங்க எங்க எடத்துக்குத் திரும்பி நடக்க ஆரம்பிச்சிட்டோம். பாத்தா பந்து எங்க பக்கம் வந்து விழுது! மச்சான் குந்தி உக்காந்து எடுத்திருக்கான். மறுபடி போட்டோம். மறுபடி எடுத்தான். வலது பக்கம் போட்டோம், இடது பக்கம் போட்டோம், பாய்ஞ்சி பாய்ஞ்சி எடுக்கான். அதுவும் என் நீல டவுசரப் போட்டுக்கிட்டு எடுக்கான் அண்ணாச்சி!

எங்க டீம் ஆளுக எல்லாம் என்னயப் பாக்காவ. 'என்ன தளவாய், இது என்ன புதுசா?'ங்காவ. அவன் எறங்குனது, குனிஞ்சது, நிமுந்தது எல்லாம் எனக்குத் தெரிஞ்ச அசைவு. எத்தனை நாளா மொபைலப் பிடிச்சிக்கிட்டு நின்னு எடுத்திருக்கேன். யாருக்குச் சொன்ன வைத்தியம்? யாரு கால் அது? எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்திச்சி. ஒரு பந்து உசர வந்திச்சி. எழும்புனேன். வலைக்கு அங்கிட்டு அவனும் எழும்புனான். அவன் பூனை மாதிரி எறங்குனான். எனக்கு முட்டு உள்பக்கம் போயிருச்சி. விழுந்துட்டேன்.

விழுந்தவொடனே முதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? அவன் பாதம் வலைக்குக் கீழ வந்திருக்கான்னு பாத்தேன். இல்ல. நல்லாத் தள்ளி நின்னான். யாரயும் குத்தம் சொல்ல வழியில்லாமப் போச்சி. அது ஒரு பெரிய கஷ்டம் அண்ணாச்சி, அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.

அவன் வலைக்குக் கீழ குனிஞ்சி வந்து என்னய அப்படியே ரெண்டு கையில தூக்குனான். சிமெண்ட் மூட்டை மாதிரி. முதுக நேரா வச்சி, முட்ட மடக்கி, தொடைப் பலத்துல தூக்குனான். அதுவும் டாக்டரம்மா சொல்லிக் குடுத்ததுதான். தெருவே கை தட்டுது. எனக்கா தட்டுவாவ?

தோத்தாச்சி. மாப்பிள்ளைமாரெல்லாம் துண்டக் கட்டுனாவ. நடக்க முடியாதவன்தானேன்னு என்னய விட்டாவளா? விடல. மச்சான் உக்காருவானே, அதே நாற்காலிய இழுத்துப் போட்டு, காலுக்கு ஒரு மணையப் போட்டு, பாயாச வாளிய என் முன்னால வச்சிட்டாவ. வாரவன் போறவனெல்லாம் டம்ளர நீட்டுதான். ஒருத்தன் முந்திரி வரலங்கான்.

மச்சான் பந்திக்கு வந்தான். நின்னான். இலையப் பாத்தான். பைய எறங்கி, தரையில, சம்மணம் போட்டு உக்காந்தான். பிரம்மசக்தி அப்பளம் வச்சிக்கிட்டு வந்தவ அந்தத் தட்ட அப்படியே கீழ வச்சிட்டு அழுதா. 'அண்ணன் கீழ உக்காந்துட்டான், அண்ணன் கீழ உக்காந்துட்டான்'னு அழுதா. மாமியாரும் அழுதாவ. இங்க ஒருத்தன் முட்டு பலாப்பழம் கணக்கா வீங்கிக் கெடக்கு, ஒரு பிள்ளை திரும்பிப் பாக்கல. நான் மச்சானுக்குன்னு ஒரு டம்ளர்ல முந்திரியாப் பாத்துப் பாத்து அள்ளி ஊத்துனேன். கை தவறியிருக்கும்.

மறுநா மச்சான்தான் வேன்ல வச்சி இங்க கூட்டிட்டு வந்தான். டாக்டரம்மா என் காலப் பாத்தாவ. தொடையப் பிடிச்சிப் பாத்தாவ. போன எடுத்து வீடியோவப் பாத்தாவ. 'இது யாரு கால் சார்?'னு கேட்டாவ.

'என் கால்தாம்மா.'

'இல்லியே'ங்காவ. மச்சான் சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கான். அவுக அவன் மூஞ்சியக் கூடப் பாக்கல. முட்டப் பாத்தாவ, பாத்தவொடனே மொகம் மலர்ந்து போச்சி. 'அட, நீங்களா! எப்படி இருக்கீங்க?'ன்னு முட்டப் பாத்து விசாரிக்காவ. சொந்தக்காரங்களப் பாத்தாக் கூட ஒருத்தருக்கு அப்படிச் சந்தோசம் வராது.

அதுக்குப் பெறகு எனக்குக் கெடைச்ச ஏச்ச விடுங்க. ஏசி முடிச்சிட்டு மச்சான்கிட்ட, 'எப்படிங்க ஒருநா விடாமச் செஞ்சீங்க? பழைய கால் இது, ரொம்ப வலிச்சிருக்குமே'ன்னு கேட்டாவ. அவன் என்ன சொன்னான் தெரியுமா?

'மாப்ளைதான் டாக்டர். கடையில அம்புட்டுக் கூட்டத்தயும் விட்டுட்டுத் தினமும் என் பக்கத்துல வந்து நிப்பான். நான் வேண்டாம்னாலும் ஆட்டோ அனுப்பிக் கூப்புடுவான். வீடியோ அது இதுன்னு சும்மா ஒரு சாக்குச் சொன்னான். என் கால் போன நாள்லருந்து அவனுக்கு மனசுல கெடந்து உறுத்தியிருக்கு டாக்டர், எனக்குத் தெரியும்.'

பாத்தியளா அண்ணாச்சி? திருடுனவன் கண்ணுல தண்ணியோட நிக்கான். இல்லடே, எனக்கு ஒண்ணும் உறுத்தல, நான் டாக்டர ஏமாத்தத்தான் செஞ்சேன்னு சொல்லவா? 'ஆமா'ன்னுட்டேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயி ரொம்ப நேரம் முட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒறக்கமே வரல. வலியாத்தான் இருக்கும்.

இப்பப் புதுச் சட்டம் போட்டிருக்காவ. வீடியோல மூஞ்சி தெரியணும். அத எடுக்குற பொறுப்பு மச்சானுக்கு. அடுத்த வருசம் நீ அம்பயரா உக்காந்துக்கோன்னு எங்க டீம்லயே என்கிட்டச் சொல்லிட்டாவ. நானும் சரி, மானம் மிஞ்சுனாப் போதும்னு இருந்தேன். மச்சான் ஒத்துக்கிடல. 'தளவாய் ஆடலன்னா நானும் ஆடல'ங்கான். எதிர் டீம்ல இருக்கவன் சொல்லுத பேச்சா இது?

தினமும் கிட்டங்கிக்கு வந்துருதான். என்னய ஒத்தக் கால்ல நிக்க வச்சிட்டு, விழுந்தாப் பிடிக்கக் கைய நீட்டிக்கிட்டே நிக்கான். 'இன்னொண்ணு மாப்ளே, இன்னொண்ணு'ங்கான். நானும் அவன்கிட்ட அப்படித்தான் சொல்லுவேன், 'இன்னொண்ணு மச்சான், இன்னொண்ணு'ன்னு. ஆனா நான் மொபைலப் பாத்துக்கிட்டுச் சொல்லுவேன், வெளிய ஆள் காத்துக்கிட்டு நிக்கும், சீக்கிரம் முடியட்டும்னு சொல்லுவேன். இவன் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுதான். நேத்து வலி பொறுக்காம அவனக் கண்டபடி ஏசிட்டேன். 'ஏசிக்கோ, ஆனா இன்னொண்ணு செய்'ன்னான். அதுக்கு மேல எப்படி அண்ணாச்சி ஒருத்தன் மேல கோவத்தப் பிடிச்சி வச்சிருக்க?

கூப்புடுதாவ, என் பேருதான். இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதிய, உங்க காலே வீங்கிக் கெடக்கு, கை குடுக்க வேண்டாம். அந்தா, வேன நிறுத்திட்டு வந்துட்டான் பாருங்க. அந்தச் செவப்புச் சட்டை. படியப் பாத்தியளா, எப்படித் தாவித் தாவி ஏறுதான்? சத்தியமாச் சொல்லுங்க அண்ணாச்சி, நல்லாருக்குல்லா அந்தக் கால்?